லூர்து அக்காவின் முகமும் சுவரோர வெயிலும்

1

"அம்மா, நான் என் தோலை உரிக்கப் போறேன்" என்று என் மகள் ஷீலா சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் சொன்னாள்.

ஷீலாவின் தமிழ் அப்படித்தான். இங்கிலாந்தில் பிறந்து ஐம்பது வயதைத் தொட்டுவிட்டவள். என்னோடு பேசும்போது மட்டும் தமிழை எடுத்து உடுத்திக்கொள்வாள், அது அங்கங்கே இறுக்கும், அங்கங்கே தொளதொளக்கும். கொடைக்கானலில் எங்கள் அம்மா தினம் ஒரு தடவையாவது "தோலை உரிச்சுப்புடுவேன்" என்று விறகுக் குச்சியோடு எங்களைத் துரத்துவாள், ஒருநாளும் உரித்ததில்லை. இவளோ நாள் குறித்து, ஆள் பார்த்து, சொந்தத் தோலை உரித்துக்கொள்ளப் போகிறாளாம். முதலில் சிரிப்புத்தான் வந்தது.

பிறகு விளக்கினாள். இரண்டு கன்னத்திலும் அவளுக்குக் கரும்படையாக மங்கு உண்டு. பிள்ளைகள் பெற்ற காலத்தில் வந்தது, போகவே இல்லை. அதற்கு 'கெமிக்கல் பீல்' செய்யப் போகிறாள். முகத்தில் ஏதோ ஆசிட்டைத் தடவுவார்கள், மேல்தோல் உதிரும், அடியிலிருந்து புதுத்தோல் வரும். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் முடி வெட்டும் கடையும் நகம் தீட்டும் கடையும் இருக்கும் வரிசையிலேயே இதற்கும் ஒரு கடை திறந்திருக்கிறார்களாம்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. "வேண்டாம்" என்றேன்.

"ஏம்மா? இப்ப எல்லாரும் பண்றாங்க."

"உங்க பெரியம்மா பண்ணா."

"யாரு, லூர்துப் பெரியம்மாவா? கொடைக்கானல்லயா? எப்ப?"

"எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும்போது" என்றேன். அவள் நம்பவில்லை. உங்களுக்கும் நம்புவது கஷ்டமாக இருக்கலாம்.

2

அறுபதுகளின் தொடக்கம். கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டியில் தகரக் கூரை போட்ட வரிசை வீடுகள். அதில் ஒரு அறையும் ஒரு அடுப்படியும் எங்களுடையது. அப்பா மிஷன் பள்ளி ஒன்றில் சமையல்காரர், அம்மா அங்கேயே பாத்திரம் துலக்குவாள். லூர்து அக்கா பங்களாக்களுக்குத் துணி வெளுத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பாள். அவளுக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம். நடுவில் பிறந்தவை தங்கவில்லை.

அக்கா அழகி. தங்கச்சி சொல்வதால் தள்ளுபடி செய்துகொள்ள வேண்டாம், ஊரே சொல்லும். மூக்கும் கண்ணும் எழுதி வைத்த மாதிரி இருக்கும். ஆனால் கன்னத்தில் இரண்டு பக்கமும் மங்கு. வரன் வந்த வீட்டுக்காரர்கள் காபி குடித்துவிட்டு அந்த மங்கைத்தான் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த வருஷம் வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை தகைந்து வந்தது. மழை பிடிப்பதற்குள் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வாத்தியார் மாப்பிள்ளை என்றதும் அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்போது சீசன். சீசனுக்குச் சீசன் மெட்ராஸிலிருந்து ஒரு சட்டைக்காரம்மா, ஆங்கிலோ இந்தியப் பெண், வந்து ஏரிப்பக்கம் ஒரு பங்களாவில் முன்னறையை வாடகைக்கு எடுப்பார். துரைசாணிகளுக்குத் தலைமுடி சுருட்டி விடுவது தொழில். வேண்டியவர்களுக்கு மட்டும் கதவைச் சாத்திவிட்டு முகத்தோலும் எடுத்து விடுவார். அவருடைய துண்டுகளை வெளுத்துப் போட்டது லூர்து அக்கா. அக்காவின் மேல் அவருக்கு உண்மையாகவே பிரியம். மாப்பிள்ளை வரும் செய்தி கேட்டு, ஊருக்குத் திரும்பும் முன்னால் உனக்கு ஒன்று செய்துவிட்டுப் போகிறேன் என்று அவரே சொன்னார். கெட்ட எண்ணம் கடுகளவும் கிடையாது. அதனால்தான் இந்தக் கதையில் யாரைத் திட்டுவதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அம்மா சரி என்றாள். அப்பாவிடம் சொல்லவில்லை.

3

நான் நர்ஸ் வேலை படிக்கத்தான் இங்கிலாந்துக்கு வந்தேன். பாஸ்போர்ட்டுக்கு மெட்ராஸில் அங்க அடையாளம் கேட்டார்கள், இடது கன்னத்து மச்சத்தை எழுதிக்கொண்டார்கள். இங்கே வந்த பிறகு யாருக்கும் மச்சம் தேவைப்படவில்லை. எந்தத் தாளை நீட்டினாலும் நான் என்ன நிறம், எந்தக் கட்டத்துக்குள் அடங்குவேன் என்றே கேட்டார்கள். ஓய்வு பெற்றும் கட்டம் விடவில்லை. ஷீலாவோடு அந்தக் கடைக்குப் போனபோது அங்கேயும் ஒரு தாள், அதில் தோலுக்கு ஒன்று முதல் ஆறு வரை வகை. வெயிலில் எரிகிறவர்கள் ஒன்றாம் வகை. நானும் ஷீலாவும் ஐந்து. பள்ளிக்கூடத்தில் கிடைக்காத ரேங்க் தோலுக்காவது கிடைத்ததே என்றேன். ஷீலா சிரிக்கவில்லை.

கடையிலிருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருந்தால் அதிகம். பளிங்கு மாதிரி முகம், பல் தெரியச் சிரிப்பு. நான் என் கேள்விகளை எடுத்தேன். எந்த ஆசிட்? எவ்வளவு கடுமை? எங்கள் நிறத்தவர்களுக்குச் செய்த அனுபவம் உண்டா? காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிச் சில நாள் பார்த்துவிட்டுச் செய்வீர்களா? இவளுக்கு உதட்டில் அடிக்கடி அக்கி வரும், அதற்கு முன்கூட்டியே மாத்திரை உண்டா?

அந்தப் பெண், "பொதுவாக எல்லாருக்கும் நன்றாகத்தான் வருகிறது" என்றாள்.

"இவ எல்லாரும் இல்ல, என் மக" என்று என் வாயிலிருந்து தமிழிலேயே வந்துவிட்டது. பதற்றமானால் எனக்கு எந்த பாஷை எங்கிருந்து வருகிறதென்று தெரியாது. ஷீலாவின் முகம் சிவந்து போயிற்று. காரில் வரும் வழியெல்லாம், "ஏம்மா எப்பவும் இப்படி என் மானத்தை வாங்குற?" என்று இங்கிலீஷில் பொரிந்தாள். இங்கிலீஷில் அவள் சண்டை போடும்போது என் பெண் மாதிரியே இருக்காது, ஏதோ ஆபீஸிலிருந்து வந்த அதிகாரி மாதிரி இருக்கும். அன்றைக்கு எனக்கு அது வலித்தது. ஆனாலும் அந்தக் கடை வேண்டாம் என்பதில் விடாப்பிடியாக நின்றேன்.

வீட்டுக்கு வந்து டீ போட்டேன். அவள் கோபம் கொஞ்சம் ஆறியதும், "சரி, பெரியம்மாவுக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டாள்.

4

அக்கா காலையில் போய்ச் சாயங்காலம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். உள்ளே வந்து துண்டை எடுத்தாள். கண் இரண்டும் வீங்கி இடுங்கிக் கிடந்தன. முகம் முழுக்க ஆஸ்பத்திரித் தரை கழுவும் மருந்தின் வாடை. பஞ்சில் நனைத்துத் தடவினாராம். முதலில் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிச்சல், பிறகு மரத்துப் போய், தோல் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்து, அப்புறம் வீக்கம். அது கார்பாலிக் ஆசிட் என்று பின்னால் நர்ஸ் படிப்பில் அந்த வாடை மூக்கில் ஏறியபோதுதான் புரிந்தது. முகம் முழுக்க அதைத் தடவினால் ரத்தத்தில் கலந்து இதயத்துடிப்பையே குலைத்துவிடக்கூடும். டாக்டர் பக்கத்தில் நின்று துடிப்பைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய காரியம் அது. அக்காவை ஒரு மர நாற்காலியில் உட்கார வைத்துச் செய்தார்கள். உயிரோடு வந்ததே பெரிது.

சட்டைக்காரம்மா சொல்லி அனுப்பியது மூன்றே விஷயம். பொருக்கைப் பிய்க்காதே. கொடுத்த களிம்பைத் தவிர எதையும் பூசாதே. வெயில் படாதே, நான் சொல்கிற வரை இருட்டறையிலேயே இரு. சொன்னவர் சீசன் முடிந்து மெட்ராஸுக்கு இறங்கிவிட்டார்.

வெயில் படாதே என்பதைக் கேட்டதும் அம்மா சிரித்தாள். "வெயிலுக்கு இங்க எங்க போறது? வத்தலக்குண்டுக்கு இறங்கினாத்தான் உண்டு."

கீழே இருக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் வெயிலுக்கு யாரும் ஒதுங்குவதில்லை, அதைத் தேடிப் போய் உட்காருவார்கள். வரிசை வீடுகளின் கிழக்குப் பக்கச் சுவர்தான் எங்கள் எல்லாருக்கும் கூடம். காலையில் மூடுபனி விலகியதும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எல்லாரும் அந்தச் சுவரில் சாய்ந்துவிடுவார்கள். பேன் பார்ப்பது, பீன்ஸ் உரிப்பது, வில்பட்டியிலிருந்து பூண்டு கொண்டுவரும் பெண்களோடு பேரம் பேசுவது எல்லாம் அங்கேதான். காய்ச்சல்காரரையும் பிள்ளை பெற்றவளையும் முதல் வேலையாக அங்கே கொண்டு வந்து உட்கார வைப்பார்கள். குளிர்ந்த காற்றில் அந்த வெயில் தாய்ப்பால் மாதிரி இதமாக இருக்கும். அது சுடாது, அதனால் கெடுதல் செய்யாது என்பது எங்கள் கணக்கு. மலை உயர உயர வெயிலின் கடுமை கூடுகிறது, குளிர் அதைத் தெரியாமல் மறைத்துவிடுகிறது என்று யாருக்குத் தெரியும்? கொடைக்கானலுக்குப் போனால் நிறம் வரும் என்றுதானே கீழே எல்லாரும் சொல்கிறார்கள்.

அக்கா உள்ளே இருந்தாள். இருந்த ஒரே ஜன்னலுக்குச் சாக்கைக் கட்டியிருந்தோம். முகத்தில் நீர் வடிந்து, பொருக்குத் தட்டி, பிறகு அது ஓரம் ஓரமாகக் கிளம்பியது. அடியில் வந்த தோலை வாசலிலிருந்து எட்டிப் பார்த்து வரிசை வீடே வாயைப் பிளந்தது. ரோஜா நிறம், மங்கு இருந்த இடம் தெரியவில்லை. அம்மா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

அப்போதுதான் அக்கா சுவரோரம் வந்து உட்கார ஆரம்பித்தாள். "ஈரத் தோலு, நல்லாக் காயட்டும். வெள்ளனே வந்து ஒக்காரு" என்று அம்மா கூப்பிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலை முழுக்க உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்தில் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருப்பேன்.

முதலில் பழுப்பு ஓடியது. பிறகு அது கறுத்தது. பழைய மங்கு கன்னத்தில் மட்டும்தான் இருந்தது, இது நெற்றி, தாடை, மேலுதடு என்று திட்டுத் திட்டாகப் பரவியது. பயந்து போன அம்மா மஞ்சளை அரைத்துப் போட்டாள், எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தாள், யாரோ சொன்னார்களென்று ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தாள். புதுத் தோலில் ஒவ்வொன்றும் ஒரு புண்ணாயிற்று, ஒவ்வொரு புண்ணும் ஒரு கறுப்பாயிற்று. அக்கா கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டாள்.

5

மாப்பிள்ளை வீட்டார் சொன்னபடியே வந்தார்கள். அக்கா முக்காட்டை நெற்றி வரை இழுத்துவிட்டுக் காபி கொண்டு போனாள். மாப்பிள்ளையின் அம்மா தம்ளரை வாங்காமலேயே முகத்தைப் பார்த்தார்.

"பொண்ணுக்கு என்ன சீக்குங்க இது?"

"சீக்கு ஒண்ணும் இல்லைங்க. கஞ்சி கொதிக்கையில ஆவி அடிச்சிருச்சு. வெரசா ஆறிரும்" என்றாள் அம்மா.

"ஆறட்டுங்க. ஆறினதும் சொல்லி விடுங்க" என்றார் அந்த அம்மா. மரியாதையாகத்தான் சொன்னார். காபியையும் குடித்தார். மறுபடி அவர்கள் வரவில்லை. அப்பாவிடமும் அம்மா இதே கஞ்சிக் கதையைத்தான் சொல்லியிருந்தாள். அவருக்கு அன்றைக்குத்தான் நடந்ததெல்லாம் முழுதாகத் தெரிந்தது, ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை.

மிஷன் மருந்தகத்தில் ஒரு வெளிநாட்டு சிஸ்டர் இருந்தார். அக்காவின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனி எதையும் பூசாதே, தேய்க்காதே, வெளியே போனால் குடை பிடி, தோல் தானாகச் சரியாகும், ஆனால் நாளாகும் என்றார். அக்கா அப்பாவின் கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டாள். மழை இல்லாத நாளில் குடையோடு போகும் ஒரே ஆள் கொடைக்கானலில் அவள்தான். பஜாரில் பையன்கள், "ஏலே, மழை வருது பாருலே" என்று கத்துவார்கள். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

இரண்டு மழைக்காலம் போன பிறகு முகம் தெளிந்தது. தாடையோரத்தில் மட்டும் ஒரு நிழல் தங்கிவிட்டது, இன்றைக்கும் இருக்கிறது. பிறகு ரொட்டிக் கடையில் வேலை செய்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர், இரண்டு பையன்கள். அவர் போய்ச் சேர்ந்த பின் சின்னவனோடு அட்டுவம்பட்டியிலேயே இருக்கிறாள். எங்கள் வீட்டில் இந்தக் கதையை எப்போது பேசினாலும், "பாவம், அம்மா வெயிலில் உட்கார வைத்துக் கெடுத்துவிட்டாள்" என்று முடிப்போம். அம்மாவும் சாகும்வரை அப்படியே சொல்லிக்கொண்டாள்.

6

ஷீலா முழுவதும் கேட்டாள். அந்தக் கடையை விட்டுவிட்டாள். ஆனால் எண்ணத்தை விடவில்லை. ஒரு தோல் டாக்டரிடம் போனோம். அவர் அவசரப்படவில்லை. முதலில் சில வாரம் இரவில் ஒரு களிம்பு, பகலில் வெயில் தடுக்கும் கிரீம். காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தார். உதட்டு அக்கிக்கு மாத்திரை எழுதினார். மேல்தோலோடு நிற்கும் மென்மையான ஆசிட் போதும், ஒரே தடவையில் ஆழமாகப் போனால் உங்கள் நிறத்துக்குக் கருமை தட்டும், மங்கு அடியோடு போகும் என்று வாக்குத் தரமாட்டேன், அசிரத்தையாக இருந்தால் திரும்பவும் வரும் என்றார். வாக்குத் தராத டாக்டரை எனக்குப் பிடித்துவிட்டது.

"செஞ்சதுக்கு அப்புறம் ஒரு வாரம் நான் வந்து இருக்கேன்" என்றேன்.

"எதுக்கும்மா? நான் வீட்டிலேதான் வேலை பண்றேன். படம் பாத்துட்டு இருப்பேன். சின்ன விஷயம்" என்றாள். கணவனைப் பிரிந்து ஆறேழு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள். தனியாக இருப்பது அவளுக்குப் பழகிவிட்டது. வரவேண்டாம் என்று அவள் சொல்லும்போது அதில் கோபம்கூட இருக்காது. அதுதான் எனக்குக் கஷ்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அக்காவோடு வீடியோவில் பேசினேன். விஷயத்தைச் சொல்லி, "நீயாவது அவகிட்ட வேண்டாம்னு சொல்லுக்கா" என்றேன்.

"நான் ஏன் சொல்லணும்? டாக்டருதான் பாத்துச் செய்யுறாருல்ல" என்றாள் அக்கா. "ஆமா, அவ கூட யாரு இருக்கா?"

"யாரும் வேண்டாங்கிறா. வெயில் படாம உள்ள இருந்தாப் போதுமாம். நம்ம அம்மா உன்னய வெளிய இழுத்த மாதிரி இழுக்க அங்க ஆள் இல்ல, அந்த வரைக்கும் நல்லது" என்று சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு வந்தாள்.

"அம்மா என்னய இழுக்கல செசிலி."

"என்னக்கா சொல்ற? வெள்ளனே வந்து ஒக்காருன்னு அம்மா கூப்பிட்டதை நான் கேட்டேனே."

"அது பெறகு. மொத நாளு நானாத்தான் வந்தேன். அந்தம்மா வெயிலு படாதேன்னு சொன்னது எனக்கு மறக்கல. உள்ள ஒரே இருட்டு, நானும் என் எரிச்சலுமாக் கெடந்தேன். சொவத்துக்கு அந்தப் பக்கம் நீங்க எல்லாரும் பேசிச் சிரிக்கிறீக. ஒருத்தரும் உள்ள வந்து ஒக்காரல. ஒங்க சோலி ஒங்களுக்கு. எத்தனை நாளு சொவத்துல காதை வச்சுக்கிட்டுக் கெடக்க? என்ன ஆனாலும் ஆகட்டும்னு எந்திரிச்சு வந்துட்டேன். வெயிலுக்கு வரல, ஒங்ககிட்டத்தான் வந்தேன்."

அறுபது வருஷமாக அம்மாவின் தலையில் வைத்திருந்ததை அக்கா ஒரு நொடியில் இறக்கி வைத்துவிட்டாள். அம்மாவுக்கு அது தெரியாமலே போயிற்றே என்று அழுதேன். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரு கேட்டா?" என்றாள். பேரன் கூப்பிடுகிறான் என்று போனை வைத்துவிட்டாள்.

7

டாக்டர் ஆசிட் தடவிய அன்று சாயங்காலமே, ஷீலாவிடம் கேட்காமல், பெட்டியோடு போய் இறங்கினேன். கதவைத் திறந்தவள் முகம் லேசாக வீங்கி, கன்னம் பளபளவென்று இறுகியிருந்தது. "நான்தான் வேண்டாம்னு சொன்னேனேம்மா" என்றாள். "சொன்ன, சொன்ன" என்று உள்ளே நுழைந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் தோல் மெல்லிய சருகாக வாயோரம் கிளம்பியது. அவள் கை அங்கே போகும்போதெல்லாம் தட்டிவிட்டேன். அவளுடைய படம் ஓடியது, எனக்குப் பாதி புரியவில்லை. நடுநடுவே அதை நிறுத்தி, வரிசை வீடுகளைப் பற்றி, தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தைப் பற்றி ஏதாவது கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். புரியாத வார்த்தைக்கு மட்டும் குறுக்கே வந்தாள்.

நான்காம் நாள் காலையில் மேகம் முழுக்க விலகியது. இந்த ஊரில் அப்படி ஒரு நாள் வருவது அபூர்வம். அக்கம்பக்கத்தில் எல்லாரும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள். பேச்சும் சிரிப்பும் சுவரைத் தாண்டி உள்ளே வந்தன. ஷீலா அந்தப் பக்கம் தலையைத் திருப்பினாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ போய் வெளிய ஒக்காரும்மா. நான் இருந்துக்குவேன்."

"எனக்கு அங்க என்ன சோலி?" என்றேன். ஜன்னல் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.